தீப்பெட்டிப் படம் சேர்க்கத் தொடங்குவோருக்கு: காவிரி டெல்டாவிலிருந்து ஒரு வழிகாட்டி

தீப்பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சிறிய வண்ணப் படத்தைச் சேர்ப்பதற்குப் பெரிய பணமோ தனி அறையோ தேவையில்லை. ஏறத்தாழ 5 செ.மீ. நீளமும் 3.5 செ.மீ. அகலமும் உள்ள ஒரு காகிதத் துண்டை உற்றுப் பார்க்கும் பொறுமை இருந்தால் போதும். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கங்களில் இன்று ஐம்பது வயதைக் கடந்தவர்கள் பலர் இதைச் சிறுவயதிலேயே செய்தவர்கள்தாம். படங்களை வட்டத்துக்குள் அடுக்கி, தூரத்தில் நின்று சில்லு எறிந்து, வட்டத்துக்கு வெளியே தள்ளியதைத் தமதாக்கிக்கொண்ட விளையாட்டு அவர்களுக்கு நினைவிருக்கும். அந்த விளையாட்டில் படம் கசங்குவதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. இந்தக் கட்டுரை, அதே படத்தைக் கசங்காமல் எடுத்து, அது எந்தக் காலத்தது என்று படித்தறிந்து, நமது ஊரின் ஈரத்திலிருந்து காப்பாற்றி வைப்பது எப்படி என்பதைப் புதியவர்களுக்குச் சொல்கிறது.

உலகெங்கும் இந்தப் பொழுதுபோக்குக்கு ஆட்கள் இருக்கிறார்கள். இதைக் குறிக்கும் ‘ஃபிலுமெனி’ என்ற சொல்லை 1943-இல் மார்ஜரி எவன்ஸ் என்ற பிரிட்டிஷ் சேகரிப்பாளர் உருவாக்கினார். கிரேக்க மொழியின் ‘விருப்பம்’ என்ற சொல்லையும் இலத்தீனின் ‘ஒளி’ என்ற சொல்லையும் சேர்த்துக் கட்டிய பெயர் அது. நம்மிடம் ‘தீப்பெட்டிப் படம்’ என்ற தெளிவான பெயர் ஏற்கெனவே இருப்பதால் அதையே வைத்துக்கொள்வோம்.

எதைச் சேர்ப்பது

புதிதாகத் தொடங்குவோர் செய்யும் முதல் பிழை, கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து வைப்பது. ஆறு மாதத்தில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைந்துவிடும். ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. ஆகவே முதலில் ஒரு வரம்பை வகுத்துக்கொள்ளுங்கள். தாமரை, மயில், காளை, நெற்கதிர், கப்பல் என ஏதேனும் ஓர் உருவத்தை மட்டும் தேடலாம். ஒரே ஊரில் தயாரானவற்றை மட்டும் தேடலாம். நான் பரிந்துரைப்பது மூன்றாவது வழியை: ஒரு புகழ்பெற்ற படத்தையும், அதைப் பார்த்துச் செய்யப்பட்ட போலிப் படங்களையும் வரிசையாகச் சேர்ப்பது. சிறுத்தையோடு ஒருவன் போரிடும் ‘சீட்டா ஃபைட்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இப்படிப் பெயர் பெற்ற ஒரு படத்தின் சாயலில் வேறு தயாரிப்பாளர்கள் விலங்கை மாற்றியும், மனிதனின் உடையை மாற்றியும், பெயரில் ஓரிரு எழுத்தை மாற்றியும் லேபிள் அச்சிடுவது இந்தத் தொழிலில் வழக்கமாக இருந்தது. பத்துப் படங்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போது, அந்த ஓவியர் எதைக் கட்டாயம் தக்கவைக்க நினைத்தார், எதைத் துணிந்து மாற்றினார் என்பது தெளிவாகத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத வாடிக்கையாளர் படத்தைச் சொல்லித்தான் பெட்டியைக் கேட்டு வாங்கினார் என்பதால், அந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் கணக்குப் போட்டுச் செய்யப்பட்டவை. வடிவமைப்பு பயிலும் மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் மலிவாகக் கிடைக்காது.

படம் என்றால் சிறிய பெட்டியின் படம் மட்டும் அன்று. பெட்டிகளைப் பொட்டலமாகக் கட்டும் காகிதத்துக்கு அதே உருவத்தில் பெரிய லேபிள் உண்டு. 600 பெட்டிகள் கொண்ட பண்டிலுக்கு அதைவிடப் பெரியது உண்டு. மளிகைக் கடைக்காரர் பிரித்ததும் தூக்கி எறிவது இந்தப் பெரிய லேபிளைத்தான். சிறிய படத்தில் மங்கிப் போன கோடுகள் இதில் தெளிவாக இருக்கும் என்பதால், கிடைத்தால் விடாதீர்கள்.

எங்கே கிடைக்கும்

தீப்பெட்டித் தொழில் நம் டெல்டாவில் வேரூன்றியதன்று. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பியபின் சிவகாசியில் அது தொடங்கியது. சாத்தூர், கோவில்பட்டி, குடியாத்தம் ஆகிய ஊர்களிலும் நிலைபெற்றது. அதற்கு முன் பெரும்பாலும் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த பெட்டிகளே இங்கே எரிந்தன. நமது பகுதி படம் அச்சாகும் இடமாக இல்லாமல், படம் வந்து சேர்ந்து தங்கும் இடமாகவே இருந்தது. பழைய ஓட்டு வீடுகளின் விளக்கு மாடங்களிலும், சமையலறைப் பரண்களிலும், டிரங்குப் பெட்டி மூடியின் உட்புறத்திலும் அது தங்கியிருக்கிறது. டிரங்குப் பெட்டிக்குள் பிள்ளைகள் ஒட்டிவைத்த படங்களை நான் மூன்று வீடுகளில் பார்த்திருக்கிறேன். அவற்றைப் பிரிக்கக் கூடாது. ஒளிப்படம் எடுத்துக்கொண்டு அப்படியே விட்டுவிட வேண்டும்.

தேடுவதற்கு மிகப் பொருத்தமான காலம் மார்கழிக் கடைசி. போகிக்காகப் பரணை ஒதுக்கி வேண்டாதவற்றை வாசலுக்குக் கொண்டுவரும் வாரம் அது. போகியன்று காலையில் போனால் சாம்பல்தான் கிடைக்கும். நான்கைந்து நாள் முன்பே தெரிந்த வீடுகளில் சொல்லி வைத்துவிடுங்கள். வீட்டுப் பெரியவரிடம் கேட்பதைவிட, சமையலறையை ஆண்ட அத்தை, பெரியம்மாவிடம் கேட்பது பயன் தரும். கும்பகோணத்துக்கு அருகே ஒரு வீட்டில், “இந்தக் குப்பையையா கேக்குற? எடுத்துக்கிட்டுப் போப்பா” என்று ஒரு பெரியம்மா எடுத்துக் கொடுத்த ஊறுகாய் ஜாடியில் ஒன்பது பழைய மரப் பெட்டிகள் இருந்தன. அவர் அவற்றில் ஊசி, பொத்தான், திருநீறு ஆகியவற்றைப் போட்டு வைத்திருந்தார். எடுப்பதற்கு முன் அவற்றில் இருந்ததை அவர் கையிலேயே கொட்டிக் கொடுத்துவிட்டு, பெட்டி எப்போது எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அந்த ஒன்பதும் எங்கிருந்தோ வந்த ஒன்பதாக இருந்திருக்கும்.

பழைய பேப்பர் கடைகளில் கட்டுக்கட்டாக வரும் பழைய கணக்கு நோட்டுகளுக்குள்ளும் படங்கள் கிடைக்கும். பெட்டிக்கடைகளிலும் தேநீர்க் கடைகளிலும் இன்று விற்கும் அட்டைப் பெட்டிகளை அலட்சியம் செய்ய வேண்டாம். இன்றைய பெட்டியை இன்றே எடுத்து வைப்பதுதான் மலிவு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கும் ஒருமுறை போய் வரலாம். ஆனால் முதல் ஆண்டில் விலை கொடுத்து வாங்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. எது அரிது, எது ஏராளமாகக் கிடைப்பது என்று கண் பழகுவதற்கு முன் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வீண்.

பெட்டியிலிருந்து பிரித்தெடுத்தல்

முதலில் குச்சிகளை அகற்றுங்கள். குச்சியின் தலையில் உள்ள மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. பெட்டியின் உரசும் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸ் இருக்கிறது. இரண்டையும் தனித்தனி இடத்தில் பிரித்து வைத்ததுதான் 1844-இல் ஸ்வீடனின் கஸ்டாஃப் எரிக் பாஷ் கண்ட வழி. ‘பாதுகாப்புத் தீக்குச்சி’ என்ற பெயர் அதனால் வந்தது. ஒரே டப்பாவில் குச்சிகளையும் காலிப் பெட்டிகளையும் நெருக்கிப் போட்டு வைத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

அடுத்து, உங்கள் கையில் இருப்பது மெல்லிய மரச்சீவலால் ஆன பெட்டியா, அட்டையால் ஆனதா என்று பாருங்கள். அட்டைப் பெட்டியில் படம் அட்டை மீதே நேரடியாக அச்சிடப்பட்டிருக்கும். அதை நனைக்கவே கூடாது. ஒட்டிய விளிம்பை மெல்லிய கத்தியால் நெகிழ்த்தி, நான்கு பக்கமும் விரியுமாறு தட்டையாக்கி வைத்தால் போதும். படத்தை மட்டும் வெட்டி எடுத்தால் பக்கங்களில் உள்ள விலாசமும் விலையும் போய்விடும்.

மரப் பெட்டியில் படம் தனிக் காகிதமாகப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். ஒன்றே ஒன்று கிடைத்திருந்தால் பெட்டியை முழுமையாகவே வையுங்கள். இரண்டு இருந்தால் மட்டும் ஒன்றைப் பிரியுங்கள். பிரிப்பதற்கு முன், ஈரப் பஞ்சின் நுனியால் படத்தின் ஒவ்வொரு வண்ணத்தின் மீதும் ஓர் ஓரத்தில் மெல்லத் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அதோடு நிறுத்திவிட வேண்டும். என் அனுபவத்தில் ஊதாவும் கருஞ்சிவப்பும் அதிகம் கசிகின்றன. நிறம் கசியவில்லை என்றால், உரசும் பக்கங்கள் இரண்டையும் வெட்டி நீக்கிவிடுங்கள். இல்லையேல் அதன் பழுப்பு நிறம் நீரில் கரைந்து படத்தில் ஏறும். பிறகு அகன்ற தட்டில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, படம் மேலே இருக்குமாறு மரத்துண்டை மிதக்க விடுங்கள். பசை இளகப் பத்து முதல் இருபது நிமிடம் ஆகும். நகத்தால் கிள்ளி இழுக்கக் கூடாது. படம் தானாக வழுக்கி நகரும் வரை காத்திருக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டுத்தான் பெரும்பாலானோர் முதல் பத்துப் படங்களைக் கிழிக்கிறார்கள். எனவே இன்று எளிதில் கிடைக்கும் வேறு ஒட்டுக் காகிதம் எதையாவது வைத்து முதலில் பழகிக்கொள்ளுங்கள்.

நழுவி வந்த படத்தின் பின்புறத்தில் எஞ்சிய பசையை விரல் நுனியால் நீரிலேயே தேய்த்துப் போக்குங்கள். பிறகு வெள்ளைத் துணி மீது படுக்கவைத்து நீரை வடியவிட்டு, இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு இடையே வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதன் மை படத்தில் ஏறும். மேலே ஒரு தட்டையான பலகையை வைத்து அதன் மீது கனமாக எதையாவது ஏற்றுங்கள். எங்கள் வீட்டில் அம்மிக்கல் இதற்காகவே மீண்டும் வேலைக்கு வந்திருக்கிறது. ஒரு நாள் கழித்துத் தாளை மாற்றி, மேலும் இரண்டு நாள் விடுங்கள். வெயிலில் காயவைத்தால் காகிதம் சுருண்டுவிடும், நிறமும் வெளுக்கும்.

காலத்தைக் கண்டறிதல்

இந்தப் பொழுதுபோக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. தீப்பெட்டிப் படத்தில் ஆண்டு அச்சிட்டிருப்பது மிக அரிது. ஆனால் அதில் உள்ள எழுத்தும் எண்ணும் விலாசமும் சேர்ந்து, பல நேரங்களில் பத்தாண்டு எல்லைக்குள் காலத்தைச் சொல்லிவிடும்.

விலாசத்திலிருந்து தொடங்குங்கள். ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் அந்தப் படம் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது, ஏனெனில் அந்த முறை அன்றுதான் தொடங்கியது. சிவகாசி, சாத்தூர் விலாசங்களில் ராமநாதபுரம் மாவட்டம் என்று இருந்தால் பெரும்பாலும் 1985-க்கு முந்தையது. அந்த ஆண்டில்தான் காமராசர் மாவட்டம் பிரிந்தது. கோவில்பட்டி விலாசத்தில் திருநெல்வேலி மாவட்டம் என்று இருந்தால் 1986-க்கு முந்தையது. அதன்பின் அது சிதம்பரனார் மாவட்டமாயிற்று. அவ்விரண்டு பெயர்களும் 1997-இல் விருதுநகர், தூத்துக்குடி என மாறின. ‘மதராஸ் ஸ்டேட்’ என்றிருந்தால் 1969 சனவரிக்கு முந்தையது. நமது பகுதிக் கடைகள் தம் பெயரை அச்சிட்டுக் கொடுத்த விளம்பரப் பெட்டிகளோ சீவல், விபூதிப் பொட்டலங்களோ கிடைத்தால் இதே முறையை அங்கும் கையாளலாம். மாயூரம் என்றிருந்தால் ஊரின் பெயர் மயிலாடுதுறை என மாறிய 1982-ஐயும், நாகப்பட்டினத்தைத் தஞ்சை ஜில்லாவில் சேர்த்திருந்தால் மாவட்டம் பிரிந்த 1991-ஐயும் எல்லையாகக் கொள்ளலாம்.

அடுத்தது எழுத்து. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையை வெளியிட்டது. அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கையைப் போல மேலே வளைந்த கொக்கியோடும், ணா, றா, னா ஆகியவை தனித்த சுழிவடிவத்தோடும் அச்சாயின. படத்தில் பழைய வடிவம் இருந்தால் 1978-க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஆயினும் இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பழைய அச்சுத் தகடும் பழைய பழக்கமும் ஆணை வந்த மறுநாளே மறைவதில்லை, கையால் எழுத்தை வரைந்த ஓவியர் தாம் கற்ற வடிவத்தையே தொடர்ந்திருக்கலாம்.

மூன்றாவது விலை. அணா என்றால் 1957 ஏப்ரலுக்கு முன். ‘நயா பைசா’ என்றால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது என ஏறத்தாழச் சொல்லலாம். 50 பைசாவிலிருந்து 1 ரூபாய்க்குச் சில்லறை விலை உயர்ந்தது 2007-இல். 2 ரூபாய் ஆனது 2021 டிசம்பர் 1 முதல். இத்துடன், மத்திய அரசு 1934 முதல் தீப்பெட்டிக்குக் கலால் வரி விதித்ததால், பழைய பெட்டிகளில் வரி கட்டியதற்கு அடையாளமாக ஒட்டிய மெல்லிய காகிதப் பட்டை எஞ்சியிருக்கக் கூடும். அதை அழுக்கென்று நினைத்து நீக்கிவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள். மிகப் பழைய படங்களில் வண்ணம் தட்டையாகவோ, ஓவியர் கையால் வைத்த ஒழுங்கற்ற புள்ளிகளாகவோ தெரியும். பிற்காலப் படங்களில் நான்கு வண்ணப் புள்ளிகள் ரோஜா இதழ் போன்ற ஒழுங்கான அமைப்பில் தெரியும். வீட்டு அச்சு இயந்திரத்தில் எடுத்த நகலில் மை தூவியது போன்ற ஒழுங்கற்ற சிதறல் தெரியும். வண்ணங்கள் சற்று விலகி, மயிலின் நீலம் அதன் கழுத்துக் கோட்டைத் தாண்டி வழிந்திருப்பதைப் பலர் குறை என்பார்கள். எனக்கு அந்த விலகல்தான் ஒரு படத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் அழகு.

டெல்டாவின் ஈரத்தில் பாதுகாத்தல்

ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கும் ஊர் நமது. நூல் சேர்ப்போருக்கான பொதுவான அறிவுரைகள் வறண்ட ஊர்களுக்குப் பொருந்துவன. இங்கே கூடுதல் கவனம் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்தபோது, எங்கள் வீட்டுக் கூரையில் ஓடு பெயர்ந்து ஓர் அலமாரி நனைந்தது. நீரில் நேரடியாக நனைந்த படங்களைக் காயவைத்து மீட்டுவிட்டேன். மலிவான பளபளப்பு ஆல்பத்தில் ஒட்டும் தாளுக்கு அடியில் வைத்திருந்த இருநூறுக்கும் மேற்பட்ட படங்களோ பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு, பிரித்தபோது நிறத்தை அங்கேயே விட்டுவிட்டன. அந்த வகை ஆல்பத்தை வாங்கவே வாங்காதீர்கள். செல்லோ டேப்பும் ஃபெவிகாலும் கூடாது. பி.வி.சி. உறைகளும் நாளடைவில் காகிதத்தைக் கெடுக்கும். அஞ்சல்தலை சேர்ப்போர் பயன்படுத்தும் பட்டை வைத்த ஆல்பமோ, பாலிப்ரொப்பிலீன் உறையோ, கெட்டியான வெள்ளைத் தாளில் மூலை மட்டும் செருகும் அமைப்போ போதும்.

இராமபாணப் பூச்சிக்குப் பசை உள்ள காகிதம் விருந்து. படத்தின் பின்புறப் பசையை முழுவதும் கழுவ வேண்டும் என்று முன்னர்ச் சொன்னதற்கு இதுதான் காரணம். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு அருகே வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றின் பொடியோடு கற்பூரம் சேர்த்துத் துணி முடிச்சாக வைக்கும் பழக்கம் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் எல்லாமே கிடைக்கும். முடிச்சு படத்தைத் தொடாதவாறு பெட்டியின் மூலையில் வைத்து, மணம் குறைந்ததும் மாற்றுங்கள். பெட்டியைத் தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்க வேண்டாம். மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும், காற்றோட்டமான நிழலில் ஒரு பகல் முழுவதும் ஆல்பத்தைப் பிரித்து வையுங்கள்; பூஞ்சை இருந்தால் அப்போது கண்ணில் படும்.

குறிப்பேடும் இணையமும்

ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் கொடுத்து, கிடைத்த ஊர், நாள், கொடுத்தவருடைய உறவுமுறை, அளவு, படத்தில் உள்ள சொற்கள் பிழை உட்பட அப்படியே, எத்தனை வண்ணம் என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். எண்ணைப் படத்தின் மீது எழுதாமல் உறையின் மீது எழுதுங்கள். ஸ்கேனர் இருந்தால் அங்குலத்துக்கு 600 புள்ளி (600 dpi) அடர்த்தியில் எடுங்கள். கைப்பேசி மட்டும் இருந்தால் ஃபிளாஷ் இல்லாமல், வடக்குச் சன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து நேர் மேலிருந்து எடுங்கள்.

இணையத்தில் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல இடங்கள் உண்டு. தெற்காசிய மக்கள் ஓவியங்களுக்கான ‘தஸ்வீர் கர்’ தளத்தில் தீப்பெட்டிப் படத்துக்கு அண்ணன் தம்பி போன்ற நாட்காட்டிப் படங்களும் பொருள் லேபிள்களும் கட்டுரைகளோடு இருக்கின்றன. தமிழ் எழுத்து வடிவம் எப்படி மாறியது என்று பார்க்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் உதவும். பழைய நூல்களின் விளம்பரப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். ஸ்வீடனின் யோன்ஷோப்பிங் நகரில் பழைய தீப்பெட்டி ஆலைக் கட்டடத்திலேயே ஓர் அருங்காட்சியகம் இயங்குகிறது. இந்தியச் சந்தைக்காக அங்கிருந்து வந்த படங்களைத் தேடுவோர் அதன் பெயரிலிருந்து தொடங்கலாம். தேடும்போது படத்தின் பெயரை மட்டும் போடாமல், உருவத்தையும் சேர்த்துத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியே தேடுங்கள். உங்கள் ஒளிப்படத்தையே கொடுத்துத் தேடும் வசதி, சாயல் படங்களைக் கண்டுபிடிக்க மிகவும் உதவும்.

விற்பனைத் தளங்களில் ‘பழமையானது’ என்ற சொல்லை நம்பி வாங்க வேண்டாம். அச்சகத்தில் மீந்து, பெட்டியிலேயே ஒட்டப்படாத லேபிள்கள் கட்டுக்கட்டாக விற்பனைக்கு வருகின்றன. அவை உண்மையானவைதாம், ஆனால் அரியவை அல்ல. பின்புறத்தில் பசைத் தடமோ மரத்தின் வரியோ இல்லாதிருந்தால் அது அப்படிப்பட்டதாக இருக்கலாம். பின்புறத்தின் ஒளிப்படத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

பிற ஊர்ச் சேகரிப்பாளரோடு மாற்றிக்கொள்வதாக இருந்தால், ஒன்றுக்கு மேல் வைத்திருப்பதை மட்டும் அனுப்புங்கள். இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே உறையில் வைத்து விரைவு அஞ்சலில் அனுப்பலாம். குச்சி உள்ள பெட்டியை அஞ்சலில் அனுப்பக் கூடாது, எரியும் பொருளுக்கு அஞ்சல் விதிகளில் தடை உண்டு. உறைக்குள் படத்தோடு, அது எந்த ஊரில், யார் வீட்டு மாடத்திலிருந்து வந்தது என்று இரண்டு வரி எழுதி வையுங்கள்; பெறுபவரிடமும் அதையே கேளுங்கள்.